வீடு திரும்பிய வீரர்கள் வெள்ளையர் மட்டும்தானா?

இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பும் மூன்று அமெரிக்கப் படையினரின் கதையைக் கூறும் ‘த பெஸ்ட் இயர்ஸ் ஒஃப் அவர் லைவ்ஸ்’ திரைப்படம் 1946 நவம்பரில் வெளியாகி, சிறந்த படத்துக்கான ஒஸ்கார் விருதை வென்றது. படைப் பணியின்போது இரு கைகளையும் இழந்த ஹரோல்ட் ரசல் என்பவரையே இயக்குநர் வில்லியம் வைலர் அதில் நடிக்க வைத்தார். அத்துணிவு இன்றும் போற்றத்தக்கது.

ஆனால் கதையின் மூன்று வீரர்களும் வெள்ளையர்கள். அப்போரில் 10 இலட்சத்துக்கும் அதிகமான கறுப்பின அமெரிக்கர்கள் பணியாற்றியிருந்தனர். அவர்கள் வீடு திரும்பிய கதை எங்கே?

அது எவ்வாறிருந்தது என்பதற்கு ஐசக் வூடார்ட் சாட்சியாவார். பசிபிக் பகுதியில் பணியாற்றிய அவர், 1946 பெப்ரவரி 12 அன்று படையிலிருந்து விடுவிக்கப்பட்ட சில மணி நேரத்தில், சீருடையுடன் பேருந்தில் ஊர் திரும்புகையில், தென் கரோலினாவில் காவல்துறையினரால் தாக்கப்பட்டு இரு கண்களின் பார்வையையும் இழந்தார். குற்றஞ்சாட்டப்பட்ட காவல்துறைத் தலைவரை, வெள்ளையர் மட்டுமே கொண்ட நடுவர் குழு அவ்வாண்டு நவம்பரில் விடுதலை செய்தது. படம் திரைக்கு வந்ததும் அதே மாதத்தில்தான்.

ஒரு கதைக்குள் எல்லோரையும் அடக்க முடியுமா என வினவுவோர் உளர். ஒரு தலைமுறையின் உண்மைக் கதையெனக் கொண்டாடப்படும் படைப்புக்கு அவ்வாதம் பொருந்தாது. கையிழந்தவரின் வேடத்துக்குக் கையிழந்தவரையே தேர்ந்தெடுத்தவர்கள், கறுப்பின வீரர் ஒருவருக்கு அக்கதையில் இடமளிக்கவில்லை. போரில் பங்கேற்றோருக்கு அதன் நினைவிலும் பங்குண்டு. அது சலுகையன்று, உரிமையாகும்.