தட்டினால் ஷாக் அப்சார்பரா?

"சூளகிரிப் பக்கம் எஸ்யூவி ஓட்டினால் ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் நாலு ஷாக் அப்சார்பரையும் மாற்றிவிட வேண்டும், ரோடு அப்படி" என்கிறார்கள். ரோட்டைப் பற்றிச் சொன்னது சரி. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வகுத்த வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், நம் தெருவில் கிடப்பவை அந்த அளவைக் கேள்விப்பட்டதே இல்லை.

ஆனால் வண்டிக்கு அடியில் தட்டும் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று யாராவது குனிந்து பார்த்தார்களா? மெதுவாகப் போகையில் சின்னப் பள்ளத்தில் 'டக் டக்' என்றால் முதலில் ஸ்டெபிலைசர் லிங்க் ராடைப் பிடித்து ஆட்டுங்கள். பிரேக் போடும்போது 'டொக்' என்றால் லோயர் ஆர்ம் புஷ்ஷைச் சந்தேகிக்கலாம். ஷாக் அப்சார்பர் போயிருந்தால் பெரும்பாலும் ஆயில் கசிந்து, அதன்மேல் புழுதி அப்பியிருக்கும். மேடு தாண்டிய பிறகும் வண்டி ஆடிக்கொண்டிருக்கும். அப்போதும் முன்பக்கமோ பின்பக்கமோ ஒரு ஜோடி போதும். நாலும் எதற்கு, கடைக்காரர் பையன் கல்யாணத்துக்கா?

இன்னொன்று. வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே புஷ் போல்ட்டை முழுசாக முறுக்கிவிடுகிறார்கள். கீழே இறக்கியதும் ரப்பர் திருகியபடியே நிற்கும், சீக்கிரம் கிழியும். சக்கரம் தரையில் எடை தாங்கி நிற்கும்போதுதான் கடைசி முறுக்கு. லோயர் ஆர்மைக் கழற்றியிருந்தால் வீல் அலைன்மென்டும் பார்க்கச் சொல்லுங்கள்.