நூறு இசைக்குழு, ஒரே பியர்

இசை விழாக்களின் மதுச்சாலைகளில் விற்கப்படும் பியரைப் பற்றி ஒரு முதிய பத்திரிகையாளன் எழுதப் புகுந்தால், எழுதுவதற்கு வேறு விடயம் கிடைக்கவில்லையா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். குடியை ஊக்குவிப்பது என் நோக்கமன்று. குடிப்பதும் குடியாமல் இருப்பதும் அவரவர் விருப்பம். ஆனால், காசு கொடுத்து வாங்குகிறவனுக்கு எது கிடைக்கவேண்டும் என்பதை அவன் வந்து சேரும் முன்னரே வேறு இருவர் கூடி விலைபேசி முடித்துவிடுவது பொது விடயம். அதனைப் பற்றியே எழுதுகிறேன்.

இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், மதுபானக் கம்பனிகள் விளம்பரம் செய்வதையும் நிகழ்ச்சிகளுக்கு அனுசரணை வழங்குவதையும் தடைசெய்துள்ளது. பிரித்தானியாவில் நிலைமை அவ்வாறன்று. அங்கு இசை விழாக்களும் பியர் கம்பனிகளும் நீண்டகாலப் பங்காளிகள். றெடிங் நகரிலும் லீட்ஸ் நகரிலும் ஓகஸ்ட் மாத இறுதியில் நடைபெறும் புகழ்பெற்ற விழாக்கள் 1998 முதல் 2007 வரை ‘கார்லிங் வார இறுதி’ என்ற பெயரிலேயே நடத்தப்பட்டன. கார்லிங் என்பது ஒரு லாகர் பியரின் பெயர். 1961இல் ஜாஸ் விழாவாகத் தொடங்கிய ஒரு பாரம்பரியம், பத்தாண்டு காலம் ஒரு பியரின் பெயரைச் சுமந்து நின்றது.

பெயர்ப்பலகையோடு இது முடிந்துவிடுவதில்லை. பெரிய மதுக் கம்பனியொன்று விழா அமைப்பாளருக்குப் பணம் கொடுக்கிறது. குளிரூட்டும் இயந்திரங்களையும் குழாய்களையும் கொண்டுவந்து பொருத்துகிறது. அதற்குக் கைம்மாறாக, வேலிக்குள் தன்னுடைய பானங்களே விற்கப்படவேண்டும் என்ற தனியுரிமையைப் பெற்றுக்கொள்கிறது. கூடாரத்துக்குக் கூடாரம் பெயர்ப்பலகை மாறலாம். குழாயைத் திறந்தால் வருவது அதே கம்பனியின் லாகர், அதே கம்பனி வழங்கும் ஆப்பிள் மது. பெயர் ஐந்து, முதலாளி ஒருவர்.

இங்குள்ள முரண்பாட்டைக் கவனியுங்கள். இவ்விழாக்கள் தம்மைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்வது எதனை? பல மேடைகள், நூற்றுக்கு மேற்பட்ட இசைக்குழுக்கள், எவரும் அறியாத புதிய பாடகர்களுக்கும் ஓர் இடம் என்பதனையே. ஒரே குழு மூன்று நாள்களும் எல்லா மேடைகளிலும் பாடும் என்று அறிவித்தால் எவரும் நுழைவுச்சீட்டு வாங்கமாட்டார். ஆனால் மேடையிலிருந்து ஐம்பது அடி தள்ளியுள்ள மதுச்சாலையில் நடப்பது அதுதான்.

அமைப்பாளர் தரப்பில் நியாயங்கள் இல்லாமலில்லை. அவற்றை மறைப்பது நேர்மையாகாது. பெரிய ஆலைகளின் லாகர் வடிகட்டப்பட்டது. பெரும்பாலும் சூடாக்கிக் கிருமி நீக்கப்பட்டது. உலோகக் கலத்தில் அடைத்து, காபனீரொட்சைட்டு வாயுவின் அழுத்தத்தால் குழாய் வழியே தள்ளி, கடுங்குளிரில் ஊற்றினால் போதும். சேறானாலும் வெயிலானாலும் அதற்கு ஒன்றுதான். ஆங்கிலேயர் மரபுவழிக் குடிக்கும் ‘காஸ்க் ஏல்’ அப்படிப்பட்டதன்று. பீப்பாவுக்குள்ளேயே ஈஸ்ட் எனப்படும் மதுவம் உயிரோடிருந்து இரண்டாம் முறை நொதிக்கிறது. பீப்பாவை அசைக்காமல் வைத்துத் தெளியவிட வேண்டும். 12 பாகை செல்சியஸ் அளவில் பேணவேண்டும். திறந்த பின் ஏறத்தாழ மூன்று நாள்களுக்குள் விற்றுத் தீர்க்கவேண்டும். காலைக் கள்ளும் மாலைக் கள்ளும் ஒன்றல்ல என்பதை அறிந்த நம்மவர்களுக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. திறந்த வயலில், யூலை மாத வெயிலில், ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நிற்கும்போது இத்தனை பக்குவம் பார்ப்பது கடினமே. அனுசரணைப் பணம் இல்லையேல் நுழைவுச்சீட்டின் விலை உயரும் என்ற வாதமும் உண்டு.

கடினம் என்பது வேறு, முடியாது என்பது வேறு. வேல்ஸின் மலையடிவாரத்தில் 2003 முதல் நடைபெறும் கிறீன் மான் விழாவைப் பாருங்கள். பெருங்கம்பனிகளின் அனுசரணையைத் தவிர்த்து நடத்தப்படும் விழா அது. அங்குள்ள முற்றத்தில் வேல்ஸ் நாட்டுச் சிற்றாலைகளின் ஏல் வகைகளும் ஆப்பிள், பேரிக்காய் மதுக்களும் பல பத்துக் கணக்கில் விற்கப்படுகின்றன. ஒக்ஸ்பட்ஷயரின் குரொப்ரெடிக் கிராமத்தில் பெயார்போர்ட் கொன்வென்ஷன் குழுவினர் நடத்தும் விழாவில், 1875இல் தொடங்கப்பட்ட வாட்வர்த் என்னும் பிராந்திய ஆலை பல ஆண்டுகளாகத் தன் ஏலை வயலிலேயே ஊற்றி விற்றது. இசை கேட்க வருவோரிற் பலர் அந்த பியரையும் விழாவின் ஓர் அங்கமாகவே கருதினர்.

இன்னும் ஒரு சான்று உண்டு. மரபு ஏலைக் காப்பதற்கென ‘கம்றா’ என்ற இயக்கம் 1971இல் தொடங்கப்பட்டது. அதனைத் தொடங்கிய நால்வருள் மைக்கல் ஹார்ட்மன், கிரகாம் லீஸ் ஆகியோர் பத்திரிகையாளர் என்பதை இங்கு குறிப்பிடுவதில் எனக்கோர் அற்ப மகிழ்ச்சி. 1975இல் இலண்டன் கொவென்ட் காடனில் பெரிய பியர் விழாவொன்றை அவ்வியக்கம் நடத்தியது. அன்றிலிருந்து, சம்பளமற்ற தொண்டர்களே மண்டபங்களிலும் கூடாரங்களிலும் பீப்பாக்களை அடுக்கி, குளிர்நீர் ஓடும் உறைகளால் போர்த்தி, நல்ல நிலையில் ஊற்றிக் காட்டி வருகின்றனர். தொண்டர்களால் இயல்வது, கோடிக்கணக்கில் பணம் புரளும் விழாக் கம்பனிகளால் இயலாதென்றால் யார் நம்புவது?

உள்ளூர் ஆலைக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தால் என்ன நிகழும் என்பதற்கு கிளாஸ்டன்பரி விழாவே உதாரணம். 1970 செப்டெம்பரில் பில்டன் கிராமத்துப் பாற்பண்ணையில் அவ்விழா முதன்முதலில் நடந்தபோது கட்டணம் ஒரு பவுண். பண்ணைப் பால் இலவசம். இன்று இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் கூடுகின்ற பெருவிழாவாக அது வளர்ந்துவிட்டது. அந்தத் திடலில் 1995இல், அயலூரான ஷெப்டன் மாலெட்டைச் சேர்ந்த குடும்பமொன்று பேரிக்காய் மதுவை விற்கத் தொடங்கியது. விழாவில் சுவைத்தவர்கள் தேடத் தொடங்கியதால் ‘பிரதர்ஸ்’ என்ற பெயரில் அது பின்னர் போத்தலில் அடைக்கப்பட்டு நாடெங்குமுள்ள கடைகளுக்குச் சென்றது. சிறிய மேடையிற் பாடிய குழு பின்னர் பெரிய மேடைக்கு வருவதில்லையா? அதைப் போன்றதுதான் இதுவும்.

பிரித்தானியச் சட்டம் இந்தப் பிரச்சினையை அறியாததன்று. அங்குள்ள ‘பப்’ எனப்படும் மதுச்சாலைகளிற் பெரும்பகுதியை ஒருகாலத்தில் பியர் ஆலைகளே சொந்தமாக வைத்திருந்து, தம் பியரை மட்டுமே விற்கச் செய்தன. 1989இல் ஏகபோகங்களை ஆராயும் ஆணைக்குழு அதனைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டது. அதனைத் தொடர்ந்து வந்த விதிகள், 2,000க்கு மேற்பட்ட மதுச்சாலைகளை வைத்திருந்த ஆலைகளுக்குக் கட்டுப்பாடு விதித்தன. அவற்றின் குத்தகைக்காரர் வெளியிலிருந்து ஒரு காஸ்க் ஏலையேனும் வாங்கி விற்க உரிமை பெற்றனர். ‘விருந்தினர் பியர்’ என்பது அதன் பெயர். அவ்விதிகள் 2003இல் நீக்கப்பட்டன என்பது உண்மையே. எனினும், 2016இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குத்தகைக்காரரைக் காக்கும் புதிய விதிக்கோவை நடைமுறைக்கு வந்தது. 2021இல் ஸ்கொட்லாந்து இயற்றிய சட்டம் விருந்தினர் பியருக்கு மீண்டும் இடமளித்தது.

மதுச்சாலைக்காரனுக்குப் பாதுகாப்புத் தேவை என்றால், விழாவுக்கு வந்தவனுக்கு அது இன்னும் கூடுதலாகத் தேவை. ஒரு பப்பிலுள்ள பியர் பிடிக்கவில்லையென்றால் அடுத்த தெருவுக்கு நடக்கலாம். வேலியிட்ட திடலில் அடுத்த தெரு ஏது? கிளாஸ்டன்பரியில் கண்ணாடிப் போத்தல் தவிர்த்துச் சொந்தப் பானத்தைக் கொண்டுசெல்ல அனுமதி உண்டு. பல பெரிய விழாக்களிலோ மேடைத் திடலின் வாயிலிற் பையைச் சோதித்துப் பறித்துவிடுகின்றனர். பாதுகாப்பு என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். அந்த நடவடிக்கையால் மதுச்சாலையின் வருமானமும் பாதுகாக்கப்படுகிறது என்பதை யாரும் சொல்வதில்லை.

நெகிழிக் குவளையில் ஊற்றப்படும் பைந்து ஒன்று 568 மில்லிலீற்றர் இருக்கவேண்டும் என்பதற்குச் சட்டம் உண்டு. கேட்பவருக்குக் குடிநீர் இலவசமாக வழங்கவேண்டும் என்பது 2010 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மதுவிற்பனை உரிமத்தின் நிபந்தனை. அளவைக் காக்கும் சட்டம் தெரிவைக் காக்கவில்லை.

பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் என்ற வகையில் எனக்கு ஒன்று தெரியும். விளம்பரம் இல்லாமல் பத்திரிகை இல்லை. ஆனால் விளம்பரதாரருக்கு நாம் விற்பது பக்கத்தின் ஒரு மூலையையே. ஆசிரியத் தலையங்கத்தை விற்கும் நாளில் அது பத்திரிகையாக இராது. விழா அமைப்பாளர்களும் அந்தக் கோட்டை அறிந்திருக்கவேண்டும். தம் சுவரையும் பதாகையையும் கம்பனிக்கு விற்கட்டும்; அது அவர்களது சொத்து. வாசலில் இன்னும் காலடி வைக்காத மனிதனின் தெரிவு அவர்களது சொத்தன்று.

நான் கேட்பது பெரிதொன்றுமில்லை. அனுசரணைப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி எவரையும் கேட்கவில்லை. ஒப்பந்தம் எழுதும்போது ஒரே ஒரு வரியைச் சேர்த்தாற் போதும்: ஒவ்வொரு பெரிய மதுச்சாலையிலும் ஒரு குழாய், விழா நடக்கும் மாவட்டத்தின் சிற்றாலை ஒன்றுக்கு ஒதுக்கப்படும். பெருங்கம்பனி அதனால் நட்டப்பட்டுவிடாது. லாகரை விரும்புகிறவர் லாகரையே வாங்குவார். மற்றவருக்கும் ஒரு வழி திறந்திருக்கும். வருடம் முழுவதும் அந்த ஊருக்கு உழைக்கும் சிற்றாலைக்காரனுக்கு மூன்று நாள் நல்ல வியாபாரம் நடக்கும்.

மூன்று நாளும் சேற்றில் நின்று இசை கேட்கிறவர்கள் தம் காதுக்குப் பிடித்ததைத் தாமே தெரிந்தெடுக்கிறார்கள். நாவுக்குப் பிடித்ததையும் தெரிந்தெடுக்க அவர்களுக்குத் தெரியும். விழாவை நடத்துவோர் அந்த அளவுக்கு அவர்களை மதித்தாற் போதும்.