எதை இலவசம் என்கிறோம்?

குவாண்டம் ஒத்திசைவை ஒரு வளமாகக் கணக்கிடும் முறையை 2014இல் பாம்கிராட்ஸ், கிரேமர், பிளெனியோ மூவரும் வகுத்துத் தந்தார்கள். அன்று முதல் அளவைகளுக்குப் பஞ்சமில்லை. நம் இதழுக்கு வரும் கட்டுரைகளிலும் புது அளவை இருக்கிறது, நிறுவல் இருக்கிறது. எந்தச் செயற்பாடுகளை இலவசமாக, அதாவது வளச் செலவில்லாதவையாக, அனுமதித்தோம், ஏன் என்பது மட்டும் பெரும்பாலும் ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது.

ஒரே ஒரு க்யூபிட்டை எடுத்துக்கொள்வோம். அடர்த்தி அணியின் மூலைவிட்டத்தில் இரண்டு 1/2, வெளியே இரண்டு 1/4. எல்-1 அளவை 0.5 என்கிறது, சார்பு என்ட்ரோபி அளவை சுமார் 0.19 பிட். ஒத்திசைவற்ற செயற்பாடுகளை அனுமதித்தால், ஏராளமான நகல்களிலிருந்து அந்த 0.19 வீதத்தில் முழு ஒத்திசைவு நிலைகளை வடித்தெடுக்கலாம். இது 2016இல் விண்டரும் யாங்கும் நிறுவியது. விதியைச் சற்றே இறுக்கி, கண்டிப்பாக ஒத்திசைவற்ற செயற்பாடுகள் மட்டும் என்றால் விளைச்சல் பூஜ்யம்! ஏறக்குறைய எல்லாக் கலப்பு நிலைகளுக்கும் இதே கதிதான் என்று லாமி, ரெகுலா, அடெஸ்ஸோ 2019இல் காட்டினார்கள். அணி மாறவில்லை, எல்-1 மதிப்பும் மாறவில்லை; மாறியது இலவசம் என்று அனுமதித்த செயற்பாடுகள் மட்டுமே. போதாக்குறைக்கு, நாம் இலவசம் என்று எழுதுகிற பல செயற்பாடுகளைச் சோதனைக்கூடத்தில் நடத்தவே ஒத்திசைவு செலவாகும் என்பதைச் சிட்டம்பரும் கவுரும் 2016இலேயே சுட்டிக்காட்டிவிட்டார்கள்.

ஒளியியலில், எது இலவசம் என்ற இந்தச் சிக்கல் இவ்வளவு முற்றவில்லை. தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் படித்தவரும், பின்னாளில் தரமணி கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவருமான இ.சி.ஜி. சுதர்சன், ஒளியின் எந்த நிலையையும், ஒளியியலில் ஒத்திசைவு நிலைகள் எனப்படுபவற்றின் எடையிட்ட கூட்டாக எழுதலாம் என்று 1963இல் காட்டினார். எடை நிகழ்தகவாக நடந்துகொண்டால் அது செவ்வியல் ஒளி. இல்லையேல் அதுவே வளம். இங்கே இலவசச் செயற்பாடுகளைக் காகிதத்தில் தேட வேண்டியதில்லை. பீம் ஸ்பிளிட்டரும் கட்டநகர்த்தியும் மேசைமேலேயே இருக்கின்றன. இவற்றை எத்தனை அடுக்கினாலும் செவ்வியல் ஒளியிலிருந்து குவாண்டம் பிணைப்பு பிறக்காது. ஆகவே வளத்தின் பெயருக்கு ஒரு வேலையும் இருக்கிறது.

கட்டுரையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அளவையை அறிமுகப்படுத்தும் பக்கத்திலேயே மூன்றைச் சொல்லிவிடுங்கள்: எந்த அடிக்கணம், எந்தச் செயற்பாட்டு வகுப்பு, அதை நடத்த என்ன கருவி. நான்காவதாக, அந்த எண் எந்தப் பணியின் வெற்றியை அளக்கிறது என்றும் எழுதினால், மதிப்பீட்டாளர் உங்களுக்கு அனுப்பும் முதல் கேள்வி குறையும்.