துப்பாக்கி இல்லாத பட்டாளம்

நள்ளிரவு. டெலிபோன் மணி அடிக்கிறது.

"புயல் அடித்துவிட்டது. 12 மணி நேரத்துக்குள் புறப்பட வேண்டும்" என்று உத்தரவு வருகிறது.

வீட்டுக்காரர் எழுந்து சீருடையை மாட்டுகிறார். எப்போதும் கட்டித் தயாராக வைத்திருக்கும் பையைத் தூக்கிக்கொள்கிறார். தூங்குகிற குழந்தைகளை ஒரு முறை பார்க்கிறார். புறப்பட்டுவிடுகிறார்.

அவர் சிப்பாய் அல்ல. அவரிடம் துப்பாக்கி கிடையாது. அவர் ஒரு பல் டாக்டராக இருக்கலாம். நர்சாக இருக்கலாம். என்ஜினீயராக இருக்கலாம். கால்நடை டாக்டராகக்கூட இருக்கலாம்!

அமெரிக்காவில் இப்படி ஒரு படை இருக்கிறது. "பொது சுகாதாரப் பணியின் அதிகாரிகள் படை" என்று அதற்குப் பெயர். அந்த நாட்டில் சர்க்கார் சீருடை அணியும் பணிகள் எட்டு. தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகியவற்றோடு இதுவும் ஒன்று. கடற்படையில் உள்ள பதவிப் பெயர்களே இங்கும். லெப்டினென்ட் உண்டு, கேப்டன் உண்டு, அட்மிரல் உண்டு. சம்பளமும் ராணுவ அதிகாரிகளுக்கு உள்ள சம்பளம்தான். ஆனால் சண்டை, நோயோடு மட்டும்!

படையில் இருப்பவர்கள் ஏறத்தாழ 5 ஆயிரம் முதல் 6 ஆயிரம் பேர். தலைவருக்கு "சர்ஜன் ஜெனரல்" என்று பெயர். கர்நாடகத்தைப் பூர்வீகமாகக் கொண்ட டாக்டர் விவேக் மூர்த்தி, இந்தப் பதவியில் இரண்டு முறை இருந்தார்.

மாலுமியின் 20 சென்ட்

இந்தப் படை பிறந்த கதை விசித்திரமானது.

1798-ம் ஆண்டு. கப்பலில் வேலை செய்யும் மாலுமி நோயில் விழுந்தால் கேட்க நாதி இல்லை. இறங்கிய துறைமுகத்தில் அவனுக்கு வீடும் இல்லை, உறவும் இல்லை. ஆகவே ஒவ்வொரு மாலுமியின் சம்பளத்திலும் மாதம் 20 சென்ட் பிடித்து, துறைமுகங்களில் ஆஸ்பத்திரி நடத்த ஒரு சட்டம் வந்தது. ஜனாதிபதி ஜான் ஆடம்ஸ் கையெழுத்துப் போட்டார்.

ஆஸ்பத்திரிகள் எழுந்தன. ஆனால் நிர்வாகம் சீர்கெட்டது. 1871-ல் ஜான் வுட்வொர்த் என்ற டாக்டரைத் தலைவராகப் போட்டார்கள். அவர் உள்நாட்டுப் போரில் ராணுவ டாக்டராக இருந்தவர். அவர் செய்த மாறுதல் ஒன்றே ஒன்று. ஆனால் அது பெரிய மாறுதல். டாக்டர் இனி ஒரு ஆஸ்பத்திரியின் ஆள் அல்ல, பணியின் ஆள். எங்கே போகச் சொன்னாலும் போகவேண்டும். சீருடை அணியவேண்டும். பரீட்சை எழுதித்தான் உள்ளே வரவேண்டும். 1889-ல் இந்த ஏற்பாட்டுக்குச் சட்டமே வந்துவிட்டது.

அந்த நாளில் இவர்களுக்கு வேலை துறைமுகத்தில்தான். நியூயார்க் அருகே எல்லிஸ் தீவில் கப்பல் கப்பலாக வந்து இறங்கிய ஜனங்களைச் சோதித்தவர்கள் இவர்களே. ஒருவருக்கு இருதயக் கோளாறு என்று சந்தேகம் வந்தால், கோட்டின் மேல் சுண்ணக்கட்டியால் "எச்" என்று எழுதிவிடுவார்கள். அந்த எழுத்தைப் பார்த்து எத்தனை குடும்பங்கள் நடுங்கினவோ!

இன்று டாக்டர், நர்சு, பல் டாக்டர், மருந்தாளர், என்ஜினீயர், விஞ்ஞானி என்று 11 தொழில்காரர்கள் படையில் இருக்கிறார்கள். சாதாரண நாளில் இவர்கள் ஒரே இடத்தில் முகாம் போட்டு இருப்பதில்லை. ஒருவர் மருந்துக் கட்டுப்பாட்டு இலாகாவில் இருப்பார். ஒருவர் சிறைச்சாலை ஆஸ்பத்திரியில் இருப்பார். பெரிய கூட்டம் இருப்பது, அமெரிக்கப் பழங்குடி மக்களுக்கான ஆஸ்பத்திரிகளில். டெலிபோன் வந்தால்தான் இவர்கள் ஒன்றுசேர்ந்து படை ஆகிறார்கள்.

இதனால் இங்கே உத்தியோக விஷயமும் ஆபத்துக்கால ஏற்பாடும் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடக்கின்றன. தடுப்பூசி போட்டுக்கொண்டாரா, முதலுதவிப் பயிற்சி காலாவதி ஆகாமல் இருக்கிறதா, ஓட்டத்திலும் தண்டாலிலும் தேறினாரா என்று ஒவ்வொரு அதிகாரிக்கும் கணக்கு உண்டு. கணக்கில் குறை இருந்தால் பதவி உயர்வு எட்டாது. ஐம்பது வயதுப் பல் டாக்டர் தண்டால் எடுப்பது வேடிக்கையாகத் தோன்றலாம். புயலில் மின்சாரம் போன ஊரில் நோயாளியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்க வேண்டியவரும் அவர்தானே!

கத்ரீனா சொன்ன பாடம்

2005 ஆகஸ்டு 29-ந்தேதி. கத்ரீனா என்ற பயங்கரப் புயல் அமெரிக்காவின் தென்கரையைத் தாக்கியது. நியூ ஆர்லியன்ஸ் நகரத்தைக் காத்து நின்ற கரைகள் உடைந்தன. நகரத்தின் பெரும் பகுதி தண்ணீரில் மூழ்கியது. பேடன் ரூஜ் நகரில் பல்கலைக்கழகத்து விளையாட்டு அரங்கமே ஆஸ்பத்திரி ஆயிற்று.

அந்த ஆண்டுப் புயல்களுக்காக இந்தப் படையிலிருந்து 2 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். டாக்டர்கள் காயத்துக்குக் கட்டுப் போட்டார்கள். என்ஜினீயர்கள் குடிதண்ணீரைச் சோதித்தார்கள். சர்க்கரை நோய்க்காரருக்கு இன்சுலின் வேண்டும். ரத்தக் கொதிப்புக்காரருக்கு மாத்திரை வேண்டும். மருந்துச் சீட்டோ தண்ணீரோடு போய்விட்டது! மருந்தாளர்களுக்கு ஓய்வே இல்லை.

ஜனங்கள் நன்றி சொன்னார்கள். ஆனால் பிறகு சர்க்கார் தணிக்கை அதிகாரிகள் விசாரித்தபோது குறைகளும் வெளிவந்தன. போனவர்களில் பலருக்குப் போதிய பயிற்சி இல்லை. திட்டம் என்ன என்பதே சிலருக்குத் தெரியாது. நல்ல மனசு இருந்தது; ஒத்திகை இல்லை.

அதன் பின் படையைக் குழுக்களாகப் பிரித்தார்கள். 105 பேர் கொண்ட ஐந்து அதிவேகக் குழுக்கள் அமைந்தன. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மாதம் முறை. முறை வந்த மாதத்தில் அழைப்பு வந்தால் 12 மணி நேரத்தில் புறப்பட வேண்டும். அடுத்த வரிசைக்கு 36 மணி நேரம். அதற்கடுத்த வரிசைக்கு 72 மணி நேரம். எந்த மாதம் அப்பாவின் முறை, எந்த மாதம் அம்மாவின் முறை என்பது வீட்டில் குழந்தைகளுக்கும் தெரிந்துவிடும்.

பயிற்சியின் பலன் 2014-ல் தெரிந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா என்ற கொள்ளைநோய் பரவியது. நோயாளியைத் தொட்டுச் சிகிச்சை செய்த நர்சுகளும் டாக்டர்களும் மடிந்தார்கள். உதவிக்குப் போக ஆள் பயந்தது. லைபீரியா நாட்டில் மன்ரோவியா அருகே 25 படுக்கை கொண்ட ஒரு கூடார ஆஸ்பத்திரி அமைத்தார்கள். அது வைத்தியம் செய்பவர்களுக்கென்றே வைத்த ஆஸ்பத்திரி! "உனக்கு நோய் வந்தால் உன்னைக் கவனிக்க இடம் இருக்கிறது" என்று தெரிந்தால்தானே ஒருவர் துணிந்து வருவார்? அந்த ஆஸ்பத்திரியை நடத்தியவர்கள் இந்தப் படையினர். அலபாமா மாநிலத்தில் பயிற்சி எடுத்துக்கொண்டு, ஏறத்தாழ 70 பேர் கொண்ட குழுக்களாக முறைவைத்துப் போனார்கள். திரும்பி வந்த பிறகும் 21 நாள் தினமும் காய்ச்சல் பார்த்துக் கணக்குக் கொடுத்தார்கள்.

காலி நாற்காலி

இதுவரை சொன்னது புறப்பட்டுப் போனவர்களின் கதை. அவர்கள் விட்டுப்போன ஊரில் என்ன நடந்தது?

பாலைவனத்து ஓரத்தில் பழங்குடி மக்களுக்கு ஒரு சிறு ஆஸ்பத்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போக இரண்டு மணி நேரம் காரில் ஓடவேண்டும். இருப்பது மூன்று நர்சுகள். அதில் ஒருவர் படை அதிகாரி. அவர் புயலடித்த ஊருக்குப் போய்விட்டார். பிரசவ வலியோடு வந்த பெண்ணுக்கு யார் துணை?

இது கற்பனை என்றாலும் கவலை நிஜம். பழங்குடி மக்களின் ஆஸ்பத்திரிகளில் முன்பே ஆள் பஞ்சம். 2018-ல் பார்லிமெண்டின் தணிக்கை அலுவலகம் எட்டு வட்டாரங்களில் கணக்கெடுத்தது. டாக்டர், நர்சு போன்ற வேலைகளில் நான்கில் ஒன்று காலி என்று தெரிந்தது. அங்கே ஒருவரை எடுத்தால் சுவரிலிருந்து ஒரு செங்கல்லை உருவியது மாதிரி.

ஆகவே மேலதிகாரிகள் பலர் "இவரை விட முடியாது" என்று சொல்லிவிடுவது உண்டு. இதில் ஒரு சங்கடம். தினமும் நோயாளியைத் தொட்டுப் பார்க்கிற கை எங்கே இருக்கிறதோ, அங்கிருந்துதான் ஆள் எடுப்பது கஷ்டம். அலுவலகத்தில் பைல் பார்க்கிறவர் சுலபமாகக் கிடைப்பார். ஆனால் அவர் ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆயிற்றோ!

பத்து வருஷம் தூங்கிய சட்டம்

இதற்குப் பரிகாரம் 2010-லேயே சட்டத்தில் எழுதப்பட்டது. ராணுவத்தில் உள்ளது போல ஒரு ரிசர்வ் படை. டாக்டர்களும் நர்சுகளும் தங்கள் சொந்த வேலையில் இருந்துகொண்டே பயிற்சி பெறுவார்கள். அழைத்தால் வருவார்கள். படையினர் புறப்பட்டுப் போனதால் காலியாகும் இடங்களில் உட்காருவதும் அவர்கள் வேலை என்று சட்டமே சொல்லியது.

நல்ல யோசனை. ஆனால் ஒரு பிசகு! ரிசர்வ் படையினருக்குச் சம்பளமும் சலுகையும் கொடுக்கத் தேவையான விதி சட்டத்தில் விடுபட்டுப் போயிற்று. சம்பளம் இல்லாமல் யார் சேருவார்? சட்டம் பத்து வருஷம் தூங்கியது.

நடுவில் 2018-ல் சர்க்கார் வேறு யோசனை சொன்னது. அப்போது படையில் இருந்தவர்கள் சுமார் 6,500 பேர். இவர்களுக்குச் செலவு அதிகம். 4 ஆயிரத்துக்கு மேல் வேண்டாம். மற்ற வேலைகளைச் சாதாரண ஊழியர்கள் பார்க்கட்டும் என்றது. ரிசர்வ் படை வேண்டும் என்றும் அதே திட்டம் கூறியது. கணக்குப் பிள்ளையின் கண்ணுக்கு அதில் நியாயம் இருந்தது. ஒரே நாற்காலியில் சீருடைக்காரரும் மற்றவரும் ஒரே வேலை செய்யும்போது, செலவைக் கேட்கத்தானே செய்வார்கள்?

இரண்டே வருஷம். கொரோனா வந்தது.

2020 தொடக்கத்தில், யோகோஹாமா துறைமுகத்தில் நோயோடு நின்ற உல்லாசக் கப்பலுக்குப் போனவர்களில் இந்தப் படையினரும் உண்டு. வாஷிங்டன் மாநிலத்தில் கர்க்லாந்து என்ற ஊரில் முதியோர் இல்லம் ஒன்றில் நோய் புகுந்தது. கிழவர்களும் கிழவிகளும் படுத்த படுக்கை ஆனார்கள். கவனிக்க வேண்டிய ஊழியர்களும் விழுந்தார்கள். படையின் டாக்டர்களும் நர்சுகளும் உள்ளே போய்ப் பொறுப்பு ஏற்றார்கள். அந்த நோய்க்காலத்தில் பல ஆயிரம் அதிகாரிகளுக்கு உத்தரவு போயிற்று.

ஆனால் புயல் வேறு, கொள்ளைநோய் வேறு. புயல் ஓர் ஊரில் அடிக்கும். அடுத்த ஊரிலிருந்து டாக்டரை அனுப்பலாம். கொரோனா எல்லா ஊரிலும் ஒரே சமயத்தில் அடித்தது. எங்கிருந்து எடுத்தாலும் அங்கேயும் நோயாளி இருந்தார்.

2020 மார்ச் 27-ந்தேதி கையெழுத்தான நிவாரணச் சட்டத்தில்தான் ரிசர்வ் படையின் சம்பள விதி சரி செய்யப்பட்டது. மறு ஆண்டு முதல் ஆட்கள் சேரத் தொடங்கினார்கள். வேறு வேலையில் போடாமல், ஆபத்துக்கால வேலைக்கென்றே முழு நேரமும் இருக்கிற ஒரு சிறு குழுவும் பின்னர் அமைந்தது. இவர்களை அனுப்பினால் எந்த ஆஸ்பத்திரியிலும் நாற்காலி காலி ஆகாது. ஆனால் கத்ரீனா போன்ற புயலுக்கு 2 ஆயிரம் பேர் வேண்டும். அப்போது மற்றவர்களைக் கூப்பிட்டே ஆகவேண்டும்.

ரிசர்வ் படையில் சேரும் நர்சுக்கும் சொந்த ஊரில் ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது. பாலைவனத்து ஆஸ்பத்திரியில் காலியான நாற்காலிக்கு அவர் வந்து உட்காருகிற வாரத்தில், அவருடைய வார்டை யார் பார்ப்பது என்று அங்கே ஒரு மேலதிகாரி பட்டியலைப் புரட்டிக்கொண்டிருப்பார்.