பகல் விளக்கு

பகலிலே விளக்கெரியும் வாகனத்தைக் கண்டால், எதிரே வருபவர் விரல்களைக் குவித்தும் விரித்தும் சைகை காட்டுவது நம்மூர் வழக்கம். ‘வீணாக எரிகிறது, அணைத்துவிடும்’ என்பது அதன் பொருள். ஆயினும், இக்கால வாகனங்கள் பலவற்றில் இயந்திரம் இயங்கியதும் முன்விளக்குத் தானாகவே எரியும். நாம் பார்ப்பதற்கன்று, பிறர் நம்மைப் பார்ப்பதற்கே அவ்வொளி. பனிக்கால இருள் மிக்க பின்லாந்து 1972இல் நகர்ப்புறத்துக்கு வெளியேயுள்ள வீதிகளிலும், சுவீடன் 1977இல் எங்கணும் இதனைச் சட்டமாக்கின. கனடாவிலே 1989 டிசெம்பர் முதல் செய்யப்படும் வாகனங்களுக்கு இது கட்டாயமாயிற்று.

சென்ற மாதம் அயலிலுள்ள மீன் வியாபாரி முகவாட்டத்துடன் வந்தார். ஊர்காவற்றுறையிலிருந்து பண்ணைத் தாம்போதி வழியாக நாள்தோறும் பிக்கப்பில் மீன் ஏற்றி வருபவர்.

“இடப்பக்கப் பகல் விளக்கு எரியுதில்லை, சேர். கட்டுப்பாட்டுப் பெட்டியையே மாத்தவேணுமாம். சீட்டுக்காசை எடுக்கத்தான் வேணும் போலை.”

“எளியதை முதலிற் பாப்பம், தம்பி” என்றேன்.

கைப்பிறேக் இழுபட்டிருந்தாலும், பெரிய விளக்கின் ஆளி போடப்பட்டிருந்தாலும் பல வாகனங்களிற் பகல் விளக்கு எரியாது. அது பழுதன்று, அமைப்பு. விளக்கு இரண்டும் எரியாவிடின் உருகியைப் பார்க்க வேண்டும். புதியது அதே அம்பியர் அளவினதாதல் வேண்டும். அதுவும் உருகினால் எங்கோ வயர் உராய்ந்து குறுஞ்சுற்று நேர்ந்துள்ளது. ஒன்று மட்டும் எரியாவிடின், கழற்றக்கூடிய குமிழாயின், வலக்குமிழையும் இடக்குமிழையும் மாற்றி மாட்டுக. இருள் குமிழோடு சென்றாற் குற்றம் குமிழில். நின்ற இடத்திலேயே நின்றாற் குற்றம் வேறிடத்தில்.

இங்கே இருள் இடப்பக்கத்திலேயே நின்றது. மின்னோட்டம் பற்றரிக்குத் திரும்பும் வழி, வண்டியின் இரும்புடலோடு பூட்டிய புவித்தொடுப்பு வயரே. விளக்கின் அந்த முனையிலிருந்து பற்றரியின் மறைமுனைக்கு வேறொரு வயரைப் பிடித்தோம், விளக்கு எரிந்தது! பூட்டாணியைக் கழற்றினால், உப்புக் காற்றில் துருவேறிக் கிடந்தது. அரத்தாளால் உரைஞ்சி இறுக்கியதோடு வேலை முடிந்தது. சீட்டுக்காசு தப்பியது.

காசினும் பெரிது ஒன்றுண்டு. மாரி மழையில் ஒற்றை ஒளியோடு வரும் பிக்கப்பை மோட்டார்ச் சைக்கிளென எண்ணி முந்த முனைபவர் கதி என்னாகும்? இன்னொன்றையும் அவரிடம் வற்புறுத்தினேன்: பகல் விளக்கு எரிகையிற் பல வாகனங்களிற் பின்விளக்கு எரிவதில்லை. மழையிலும் மம்மலிலும் பெரிய விளக்கைப் போட்டேயாக வேண்டும்.

இப்பொழுதும் தாம்போதியில் எதிரே வருவோர் அவருக்கு விரல் விரித்துக் காட்டுகின்றனராம். இரண்டு விளக்கும் எரிகின்றன என்ற மகிழ்ச்சியில் அவர் தலையசைத்துச் செல்கிறார்.