நாளைக்கு மலை ஓட்டம், இன்றைக்கு வயிற்றில் கலக்கம்



போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, புக்கிட் செலம்பாவிலிருந்து என் தங்கை தொலைபேசியில் கூப்பிட்டாள். “அக்கா, இவன் ரெண்டு நாளா சரியா சாப்பிடல. ராத்திரியில எழுந்து எழுந்து உக்காருறான். என்னடான்னா ஒண்ணுமில்லம்மாங்கிறான். நீங்க வந்து பேசிப் பாருங்க” என்றாள். காதல் விவகாரமோ என்று நானும் பயந்துகொண்டுதான் பஸ் ஏறினேன். நம் புத்தி முதலில் அங்கேதானே போகும்!

விஷயம் அது இல்லை. பையனுக்கு வயது 19. சுங்கை பட்டாணியில் தொழிற்சாலை வேலை. ஞாயிற்றுக்கிழமை ஜெராய் மலைக் காட்டுப் பாதையில் நடக்கும் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறான். முதல் தடவை. அதுதான் இத்தனை பாடு.

ஜெராய் மலையைக் கெடாக்காரர்களுக்கு நான் சொல்லிக் காட்ட வேண்டியதில்லை. விடியற்காலையில் மங்கைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தால் மேகத்துக்குள் நிற்கும். உயரம் 1,217 மீட்டர். 1025-இல் இராஜேந்திர சோழனின் கப்பல்கள் கடாரத்துக்கு வந்தபோது அவர்கள் கண்ணிலும் முதலில் இந்த மலைதான் பட்டிருக்க வேண்டும். குருன் பக்கமிருந்து தார் ரோட்டில் வேனில் ஏறி, சுங்கை தெரோயில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு இறங்கியவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அதே மலையில் வேரும் பாறையும் அட்டையுமாக இருக்கிற பாதையில் ஓடி ஏறுவதென்றால் சும்மாவா?

கொல்லைப்புறத்தில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் புதுச் சப்பாத்து.

“என்னடா தம்பி, பயமா?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “பெரியம்மா, இந்தச் சப்பாத்த அம்மா கூட்டுப் பணம் எடுத்து வாங்கிக் குடுத்தாங்க. நான் பாதியிலயே நின்னுட்டா?” என்றான்.

பாருங்கள், மலை இல்லை அவனுக்குப் பயம். என் தங்கை இன்னும் ஒரு சிறு தோட்டத்தில் பால் வெட்டுகிறாள். மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் காசு இல்லை. அந்தக் கணக்குத் தெரிந்த பிள்ளை. அதனால்தான் சோறு இறங்கவில்லை.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை அப்போது அவனிடம் சொன்னேன். உங்களிடமும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பதினோரு வயது. பள்ளி விளையாட்டுப் போட்டி. 200 மீட்டர் ஓட்டத்தில் நான்தான் ஜெயிப்பேன் என்று லயத்தில் எல்லோரும் சொல்லி வைத்திருந்தார்கள். அந்தப் பேச்சே எனக்கு வினையாயிற்று. பெயரைக் கூப்பிடும்போது நான் கழிவறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன். மூன்று தடவை கூப்பிட்டார்கள். பிறகு வேறொரு பிள்ளையை நிறுத்தி ஓட வைத்தார்கள். திடல் ஓரத்தில் என் அப்பா, பால் கறை பட்ட சட்டையோடு, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். வீடு வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. தோற்றிருந்தால் அன்றைக்கே மறந்து போயிருக்கும். ஓடாத ஓட்டம் இன்னும் கால் வலிக்கிறது.

“நீங்களா பெரியம்மா?” என்று பையன் சிரித்துவிட்டான். சிரிப்பு வந்தது, பசியும் வந்தது.

ஓட்டத்துக்கு முன்னால் நெஞ்சு படபடப்பதும், கை சில்லிடுவதும், நிமிடத்துக்கு ஒரு தடவை சிறுநீர் முட்டுவதும் நோய் அல்ல. சிறுநீரகத்தின் மேலே தொப்பி மாதிரி இருக்கும் சுரப்பிகள் அட்ரினலின் என்ற நீரை இரத்தத்தில் விடுகின்றன. உடனே இருதயம் வேகமாக அடிக்கிறது. வயிற்றுக்குப் போகும் இரத்தம் குறைந்து கால் தசைக்குத் திரும்புகிறது. அதனால்தான் குமட்டல். உடம்பு ஓடத் தயாராகிறது. நாமோ ‘ஐயோ, எனக்கு என்னமோ ஆகிறது’ என்று நினைத்துக்கொள்கிறோம். 2014-இல் அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓர் அம்மையார் இதைச் சோதித்து எழுதினார். மேடையில் பேச நிற்பவர்களில், ‘நான் அமைதியாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்களைவிட ‘எனக்கு உற்சாகமாக இருக்கிறது’ என்று வாய்விட்டுச் சொன்னவர்கள் நன்றாகப் பேசினார்களாம். அடிக்கிற நெஞ்சை அடக்குவது கடினம். அதற்கு வேறு பெயர் வைப்பது சுலபம். அவ்வளவுதான் சங்கதி.

பெரிய ஆட்களுக்கு நடுக்கம் இருக்காது என்று நினைக்காதீர்கள். நம் டாக்டர் ஜெகதீசன் 1960-இல் ரோம் ஒலிம்பிக்குக்குப் போனபோது அவருக்கு 16 வயதுதான். எம். இராஜாமணி 1964-இல் தோக்கியோவுக்குப் போனார். அந்தக் கோட்டில் நின்றபோது அவர்களுக்கு மட்டும் வயிறு கலங்காமலா இருந்திருக்கும்? 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் ஒரு விநாடியின் நூற்றில் ஒரு பங்கில் வெண்கலத்தை இழந்தார். அங்குள்ள சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் கஞ்சியும் ஊறுகாயுமாக இருந்தேன், கடைசியில் தெம்பு போதவில்லை என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இதைச் சொன்னதும் என் தங்கை அடுப்படிக்கு ஓடிப் போய்க் கோழிக்கறிக்கு மசாலா அரைக்கத் தொடங்கிவிட்டாள்! தடுத்துவிட்டேன். தாய்மார்களே, ஓட்டத்துக்கு முந்தின நாள் பிள்ளைக்கு விருந்து வைக்காதீர்கள். வழக்கமாகச் சாப்பிடும் சோறு, காரம் குறைந்த குழம்பு, போதும். காலையில் புறப்படுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே ரொட்டியோ வாழைப்பழமோ கொடுங்கள். புதுச் சப்பாத்தை ஓட்டத்தன்றுதான் முதலில் போடுவேன் என்பது காலைப் புண்ணாக்கும் வேலை. இவன் இரண்டு வாரமாகக் கித்தா காட்டுக்குள் போட்டுப் பழக்கியிருந்தான், கெட்டிக்காரன். தூக்கம் வராவிட்டாலும் கவலைப்பட வேண்டாம். ஒரு ராத்திரித் தூக்கம் கெட்டதால் கால் பலம் போய்விடாது. கண்ணை மூடிப் படுத்திருந்தாலே போதும். மேடு செங்குத்தானால் முழங்காலில் கையை ஊன்றி நடக்கலாம். அனுபவசாலிகளும் அப்படித்தான் ஏறுகிறார்கள்.

இன்னொரு விஷயத்தை மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன். ஓடுவதற்கு முன் வரும் பயம் ஒன்று. மலைமேல் வானம் கறுக்கும்போது வரும் பயம் வேறு. 2021 மே 22 அன்று சீனாவில் கான்சு மாநிலத்தில் 100 கிலோமீட்டர் மலை ஓட்டம் ஒன்றில் 172 பேர் ஓடினார்கள். திடீரென்று ஆலங்கட்டி மழையும் குளிர்காற்றும் அடித்து 21 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டு 18-ல் நம் ஜெராய் மலையில் கொட்டிய மழை யான் பக்கம் வெள்ளமாக இறங்கி உயிர்களைக் கொண்டுபோனதை நாம் மறக்கவில்லை. “இடி இடிச்சா, ஆற்றுத் தண்ணி கலங்கினா, நில்லுன்னு சொன்னா, நின்னுடு. சப்பாத்துக் காச நான் உங்கம்மாகிட்ட பேசிக்கிறேன்” என்றேன். தலையாட்டினான்.

ஞாயிறு காலை நானும் தங்கையும் போனோம். இருட்டிலேயே கூட்டம். பையன் முகம் வெளுத்திருந்தது. கோட்டுக்குப் போகும் முன் என் பக்கம் திரும்பி, “உற்சாகமா இருக்கு பெரியம்மா” என்றான். குரல் நடுங்கியது.

இரண்டரை மணி நேரம் கழித்து மலை உச்சி மறைந்தது. இடி கேட்டது. பாதியைத் தாண்டிப் போனவர்களைக்கூட நடத்துபவர்கள் திருப்பி இறக்கினார்கள். ஒவ்வொருவராகச் சேறும் சகதியுமாக வந்துகொண்டிருந்தார்கள். என் தங்கை என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தித் தடம் விழுந்துவிட்டது. கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் வந்தான். கணுக்காலில் இரண்டு அட்டை.

“முடிக்கலம்மா” என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

தங்கை குனிந்து அட்டையைப் பிடுங்கி எறிந்தாள். “சப்பாத்தக் கழட்டு. நாத்தம் அடிக்குது. வீட்டுக்குப் போய்க் கழுவிக் காய வைக்கணும், அடுத்த தடவைக்கு” என்றாள்.