கோட் சூட்டும் தப்பும்

‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ பற்றி எங்க பெட்ச்சில் பேச்சு எடுத்தால், ரெண்டாவது நிமிஷமே ‘என்ஜாய் எஞ்சாமி’க்குப் போய்விடும். அறிவு அந்த பேண்டில் பாடியவர், அவரின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர், அதனால் அது நம்ம பாட்டு. சரிதான். 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்று கணக்குப் போட்டது. அதில் பிரிஞ்சு போன உறவு அப்புத்தளைப் பக்கம் இன்னும் பேச்சில் இருக்கு. 2021இல் அந்தப் பாட்டு வந்தப்போ லயத்துக்கு லயம் ஸ்பீக்கரில் கேட்டது.

ஆனா அந்த பேண்டிடமிருந்து நாம எடுத்துக்கிட்டது பாட்டியை மட்டும்தான். பறையை எடுக்கல.

2018 ஜனவரி 6, சென்னை கீழ்ப்பாக்கத்தில் அவங்க முதல் மேடை. பா. ரஞ்சித் தொடங்கி வைத்தது, இசைப் பொறுப்பு டென்மா. 19 பேர், ஒரே ஒரு பெண், இசைவாணி. பேர் அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதியற்ற தமிழர்’ என்பதிலிருந்து வந்தது. கிட்டாரும் டிரம்ஸும் ஒரு பக்கம், பறையும் சட்டியும் மறுபக்கம். எல்லாருக்கும் கோட் சூட். வடசென்னைச் சாவு வீடுகளில் ராத்திரி முழுக்கப் பாடின கானாவை, அம்பேத்கர் போட்ட மாதிரி கோட் போட்டுக்கிட்டு மேடையில் பாடினாங்க. (எல்லாப் பாட்டும் எனக்குப் பிடிக்கும்னு இல்ல. சிலது மேடைப் பேச்சுக்கு மெட்டுப் போட்ட மாதிரி இருக்கும்.)

உடுப்பில் என்ன இருக்குன்னு கேட்பீங்க. 1973இல் நியூயோர்க் டோல்ஸ் என்ற பேண்ட் முதல் அல்பத்தின் அட்டையில் லிப்ஸ்டிக்கும் ஹை ஹீல்ஸுமாக உட்கார்ந்திருந்தது, அஞ்சு பேரும் ஆம்பளைங்க. அப்போ வந்தது ரெண்டே அல்பம், பெரிசா விற்கவுமில்லை. ஆனா 1975இல் கொஞ்ச நாள் அவங்களோட இருந்த மால்கம் மெக்லாரன், அப்புறம் லண்டனில் செக்ஸ் பிஸ்டல்ஸின் மேனேஜர். இன்னைக்கு பங்க் ரொக் வரலாற்றை அவங்களை விட்டுட்டு எழுத முடியாது. யார் என்ன உடுத்தி எதைக் கையில் எடுக்கலாம் என்ற விதியை ஒரு பேண்ட் உடைச்சா, பின்னால் வர்றவனுக்குத் துணிச்சல் வரும்.

நம்ம தோட்டத்தில் அந்த விதி அப்படியே இருக்கு. ஒரு காலத்தில் விடியக்காலையில் பெரட்டுக்குக் கூப்பிட்டதே தப்புச் சத்தம்தான். இப்போ சாவு வீடு, காமன் கூத்து, திருவிழா. அடிக்கிறது யாரு? இன்னார் வீட்டு ஆளுங்க. “சாதியெல்லாம் இப்ப யாரு பாக்குறா” என்று சொல்ற அதே வாய், கல்யாணப் பேச்சிலும் தப்பு விஷயத்திலும் மட்டும் மூடிக்கும். என்ஜாய் எஞ்சாமிக்கு ஆடின பையன்கிட்ட தப்பை நீட்டுங்க, ரெண்டடி பின்னால போவான்.

அடிக்கிற வீட்டுப் பிள்ளைங்க தப்பை விட்டுட்டுப் போறது வேற கதை. சாராயமும் சில்லறையும் கொடுத்து அப்பாவை வாசலில் நிறுத்தி வைச்சதைப் பார்த்து வளர்ந்தவன், எனக்கு வேணாம்னு சொன்னா அதில் நியாயம் இருக்கு. “நம்ம கலையைக் காப்பாத்து” என்று அவன்கிட்ட போய்ச் சொல்ல நமக்கு வாயே கிடையாது. காப்பாத்தணும்னா இதுவரைக்கும் தொடாத கைங்க தொடட்டும்.

கெம்பஸ் கலை விழாவுக்கு வருஷா வருஷம் டீஜேக்குக் காசு சேர்க்கிறோம். அதில் பாதியை எடுத்து, தோட்டத்திலிருந்து தப்பு அடிக்கிற ஐயா ஒருத்தரைக் கூப்பிடலாம். ஒரு மாசம் சொல்லித் தரட்டும். மாஸ்டர்னு கூப்பிடுவோம், முன் வரிசையில் கதிரை போடுவோம். பழகுறதுக்கு முதல் பேரு யாரு கொடுக்கிறாங்கன்னு பார்ப்போம். என் பேரைக் கொடுத்தாச்சு. வீட்டில் இன்னும் சொல்லல.